அருட்சாதனங்களைப் பெற்று

"போட்டோவுக்குக் கீழ இந்த லைன் இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா டீச்சரம்மா?" என்று ஷஹாபுதீன் கேட்டபோது ழனெத் தன் தம்பியின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் திரையில் அது ஒரு பலாப்பழத்தின் அளவுக்கு இருந்தது. சில்வேனின் கண்ணாடியில் விழுந்திருந்த கேமரா வெளிச்சத்தை அழிப்பதற்காக ஷஹாபுதீன் படத்தை அவ்வளவு பெரிதாக்கி வைத்திருந்தார். அவன் பிறந்த நாளிலிருந்து அவள் பார்த்துவந்த மூக்குதான். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்த மூக்கும் அதுதான். ஆனாலும் இப்படி ஆளை முறைக்கிற மூக்கை அவள் கண்டதில்லை.

"எந்த லைன்?"

அவர் படத்தைச் சின்னதாக்கினார். கறுப்பு பார்டர் போட்ட சுவரொட்டி முழுதாகத் தெரிந்தது. மேலே சிலுவை, நடுவில் சில்வேன், அவனுக்குக் கீழே கொட்டை எழுத்தில்: திருச்சபையின் அருட்சாதனங்களைப் பெற்று இறைவனில் துயில் கொண்டார்.

"கிறிஸ்டியன் எறப்புக்கு இது ரெடியாக் கெடக்கற மேட்டரு. பேரையும் தேதியையும் மட்டும் மாத்துவோம். சாருக்குன்னதும்தான் கையி நின்னுபோச்சு. நம்ம கடையில அவரு அடிக்காத நோட்டீசா? எல்லாத்துலயும் சாமியாருங்களைப் போட்டுத் தாளிச்சிருப்பாரு. அதான் கேட்டேன்."

முதலியார்பேட்டையில் அந்த அச்சகத்தின் வாசலில் ஒட்டுகிறவன் பசை வாளியோடு நின்றிருந்தான். நாலு மணிக்கு அடக்கம். புதுச்சேரியில் காக்கை உட்காராத சுவர் இருக்கலாம், சுவரொட்டி உட்காராத சுவர் கிடையாது. ஒருவன் செத்தான் என்பதை டாக்டர் சொன்னால் ஊர் நம்பாது, கரண்டுக் கம்பம் சொன்னால்தான் நம்பும்.

சில்வேன் எந்த அருட்சாதனத்தையும் பெறவில்லை. சாமியாரைக் கூப்பிடவில்லை, பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, நெற்றியில் ஒரு சொட்டு எண்ணெய் படவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத் தெரியாமல் அந்த நெற்றியில் ஈகூட உட்கார்ந்ததில்லை.

"இருக்கட்டும்" என்றாள் ழனெத்.

ஷஹாபுதீன் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு மெஷின்காரனைப் பார்த்துக் கையை ஆட்டினார். கடமுடவென்று நூற்றுக்கணக்கான சில்வேன்கள் அருட்சாதனங்களைப் பெற்று வெளியே விழத் தொடங்கினார்கள்.

*

எல்லாம் ழான்-மரி அண்ணனால் வந்தது என்று ஆட்டோவில் போகும்போது ழனெத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ழான்-மரி பெரியப்பா மகன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பென்ஷனின் சத்தம் கேட்டால் வங்கி மேனேஜர் எழுந்து நிற்பார் என்று பெயர். காலையில் ஆம்புலன்ஸ் வந்து நிற்பதற்குள், செத்தவனுக்கு முன்னால் தானே கோட்டு சூட்டு மாட்டி, மார்பில் மெடல்களைக் குத்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் குடும்பக் கல்லறையை அந்தக் குடும்பத்தில் 'கவோ' என்றுதான் சொல்வார்கள். சலவைக்கல் போட்ட கவோ. தாத்தா வெள்ளைக்காரனிடம் என்றென்றைக்குமாக எழுதி வாங்கியது. சாவி ழான்-மரியிடம். உள்ளே அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. ஒன்று சில்வேனுக்கு, ஒன்று அவளுக்கு. அக்காவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பியும் செய்துகொள்ளவில்லை. கணக்கு அப்படியே பொருந்தியிருந்தது.

"எண்ணெ பூசுதல் வாங்கலைன்னா கவோவைத் தொறக்க மாட்டேன், ழனெத். சொல்லிட்டேன். அது ஒண்ணும் டீக்கடை பெஞ்சு இல்ல, வர்றவன் போறவன்லாம் படுக்கறதுக்கு" என்று குளிர்பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று ழான்-மரி சொன்னார்.

"அவன் நம்ம புள்ள அண்ணே."

"நம்ம புள்ளதான். ஊருக்கே தெரியும் நம்ம புள்ள என்ன பேசினான்னு. வேணும்னா அந்தப் பக்கம் வெச்சிக்கோ. அவனுக்கு அங்கதான சொந்தக்காரங்க ஜாஸ்தி."

அந்தப் பக்கம். அந்த வார்த்தையோடுதான் ழனெத் அச்சகத்துக்குக் கிளம்பினாள்.

அந்தப் பங்கின், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்களின், கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே இடுப்பளவுக்கு ஒரு சுவர் இருந்தது. இந்தப் பக்கத்துக்கு ஒரு கேட், அந்தப் பக்கத்துக்கு ஒரு கேட். எந்த ஜாதி எந்தப் பக்கம் என்று எங்கும் எழுதியிருக்காது. எழுதாமலே எல்லாருக்கும் மனப்பாடம். வருகிற ஒவ்வொரு சாமியாரும் அதை இடித்துவிடுவதாகத்தான் சொன்னார்கள். ஒருவர் மழைக்காலம் முடியட்டும் என்றார். ஒருவர் வெயில்காலம் முடியட்டும் என்றார். ஒருவர் அதற்குள் நாகம் இருக்கிறது என்றார். சுனாமிக்கு மறு வருஷம் வந்த இப்போதைய சாமியார், சுவரைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கமிட்டி போட்டார். அந்தச் சுவரைத் தாங்கி நின்றது சுண்ணாம்பு இல்லை, கமிட்டிகள்தான்.

சில்வேன் அதற்கு வேறு ஒரு வழி செய்தான்.

அவன் இளம்வயதில் சாமியாராவதற்குக் குருமடத்தில் படித்தவன். பாதியில் வெளியே வந்து பாரீசுக்குப் போய்ச் சமூகவியல் வாத்தியாரானான். சமூகத்தை விமரிசிக்கிறவனுக்கு இறையியல் தேவையா என்று பிரெஞ்சில் எழுநூறு பக்கத்துக்கு ஒரு புத்தகம் எழுதினான். உலகத்தில் அதைக் கடைசிவரை படித்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் அச்சுப்பிழை திருத்தியவர். இன்னொருவர் அதைத் தலைக்கு வைத்துத் தூங்கிக் கழுத்துச் சுளுக்கோடு எழுந்து, கோபத்தில் படித்து முடித்தவர். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியதும் கட்சிக்காரர்கள் அவனைப் பாதிரி என்றார்கள், பாதிரிகள் அவனைக் கட்சிக்காரன் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை நேரமாகப் பார்த்து வீட்டு மொட்டைமாடியில் அவன் கூட்டம் போட்டான். முதலில் ஐம்பது பேர் வந்தார்கள். பிறகு பத்து பேர். அந்தப் பத்தில் நாலு பேர் கடற்காற்றுக்காக வந்தவர்கள்.

கீழே சமையல்கட்டில் நின்று ழனெத் எல்லாவற்றையும் கேட்பாள்.

"கடவுள் இருக்காரு, பொறுத்துக்கோன்னு ஏழையை உக்கார வெக்கறது ஒரு பொய். சரி, கடவுள் இல்லேன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா? அடிபட்டுச் செத்தவன் ஒருத்தன் இருக்கானே, அவன் கேசை எவன் நடத்தறது? கோர்ட்டையே கலைச்சிட்டா அடிச்சவனுக்குத்தானே லாபம்? அதனால ஜட்ஜு நாற்காலி இருக்கணும். ஆனா காலியா இருக்கணும். எவன் போய் உக்காந்தாலும் எழுப்பி உடணும், சாமியாரா இருந்தாலும் சரி, கட்சிச் செயலாளரா இருந்தாலும் சரி."

"அப்ப அந்த நாற்காலியை யாரு சார் தொடைக்கறது?" என்று ஒரு குரல் கேட்கும். மின்துறையில் வேலை பார்த்த தேவதாசின் குரல் அது.

"நீதான்டா. வேற யாரு?"

மாடி சிரித்துக் குலுங்கும்.

பிறகு ஒருநாள் சில்வேன் சொன்னான்: "ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்புட்டுட்டு, செத்தப்பறம் ரெண்டு கேட்டுல போறதுன்னா அந்த அப்பத்துக்கு என்ன மரியாதை? எனக்கு அது மேல மரியாதை இருக்கு. அதனாலதான் வாங்க மாட்டேன். செவுரு விழற வரைக்கும் பசியோட இருப்பேன்."

கோயிலில் கொடுக்கும் அப்பத்தை அந்த ஊரில் 'நன்மை' என்பார்கள். சில்வேன் நன்மை வாங்குவதை நிறுத்தினான். அவனோடு முப்பது நாற்பது பேர் நிறுத்தினார்கள். கிறிஸ்மஸ் வந்தது, பாஸ்கா வந்தது, பிள்ளைகளின் கல்யாணம் வந்தது. ஒவ்வொருவராகத் திரும்பிப் போய் வாயைத் திறந்தார்கள். கடைசியில் மிஞ்சியது சில்வேனும், சுவருக்கு அந்தப் பக்கத்துக் குடும்பத்துத் தேவதாசும்தான்.

ழனெத் மட்டும் ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. தம்பி மாடியில் பசியோடு இருந்தான். அவள் கோயிலுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து அவனுக்கு மீன் குழம்பு வைத்தாள். இதை அவர்கள் இரண்டு பேரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

*

ஆட்டோ வீடு வருவதற்குள் ஒட்டுகிறவன் அவளை முந்திவிட்டான். பால் பூத்தில் சில்வேன். ஜூஸ் கடை ஷட்டரில் சில்வேன். ஒரே கம்பத்தில் நாலு திசைக்கும் நாலு சில்வேன். எல்லாரும் அருட்சாதனங்களைப் பெற்றவர்கள். ழனெத் முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். துக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்து ஆட்டோக்காரர் வண்டியை மெதுவாக ஓட்டினார். அதனால் இன்னும் நிதானமாக எல்லாச் சுவரொட்டிகளையும் பார்க்க வேண்டியதாயிற்று.

வீட்டு கேட்டின் தூணில் ஈரம் காயாமல் ஒன்று. அதன் முன்னால் தேவதாஸ் நின்றிருந்தான். கையில் ரோஜா மாலை. மாலையிலிருந்து தண்ணீர் அவன் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் கவனிக்கவில்லை.

"வாப்பா தேவதாசு. ஏன் வெளியவே நிக்கற?"

"டீச்சர், ஷஹாபுதீன் பாய் பழைய மேட்டரை மாத்தாம விட்டுட்டாரு போல. போன் போட்டுச் சொல்லட்டுமா? ஒரு தாள் வெட்டி அந்த லைன் மேல மட்டும் ஒட்டிடலாம். நானே சைக்கிள்ல போய் ஒட்டிட்டு வந்துடறேன்."

அவ்வளவு சுலபமான வழி. ஆமாம்ப்பா, அவர்தான் தப்பு பண்ணிவிட்டார் என்றால் போதும். ஷஹாபுதீன்கூட மறுத்துப் பேசியிருக்க மாட்டார். ஆனால் திறந்த கதவுக்கு நேராக நாற்காலி போட்டு ழான்-மரி உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊரில் ஊசி விழுந்தாலும் கேட்கிற காது அவருக்கு. மெடல்கள் வெயிலில் மினுங்கின.

"மேட்டரு சரியாத்தான் இருக்கு" என்றாள் ழனெத்.

"சரியான்னா?"

"நேத்து சாயங்காலம். சாமியார் வந்தாரு ஆஸ்பத்திரிக்கு."

"சாரு... கேட்டாரா?"

"கேட்டான்."

"மூணு நாளா பேச்சே இல்லைன்னீங்களே டீச்சர்."

"கண்ணால கேட்டான்ப்பா."

இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு பொய்யைப் பெற்றால் அது பால் குடிக்கவும் தவழவும் கொஞ்சம் நாள் ஆகும் என்று அவள் நினைத்திருந்தாள். இது பிறந்த அன்றைக்கே மீசை வைத்துக்கொண்டு பேசியது.

தேவதாஸ் மாலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"எங்கப்பா வாயாலயே கேட்டாரு டீச்சர்."

கேட்டைத் தள்ளப்போன கையை அவள் எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியாது, சாருக்குத் தெரியும். போன வருசம், உயிரு போற அன்னிக்கு. சாமியாரக் கூப்புடுடான்னாரு. நான்தான், வேணாம்ப்பா, செவுரு இன்னும் நிக்குது, சாரும் நானும் ஒரு வார்த்தை குடுத்திருக்கோம்னேன். அவரு என்னையே பாத்துக்கினு இருந்தாரு. அப்பறம் சரிடான்னாரு. அப்பிடியே போயிட்டாரு." தேவதாஸ் தூணைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அடக்கம் முடிஞ்சதும் சாரு எங்கூட ராத்திரி முழுக்க உக்காந்திருந்தாரு. தப்பு பண்ணிட்டனா சார்னேன். எனக்கும் தெரியலடான்னு அழுதாரு. அவருக்கும் கடைசியில பயம் வந்துடுச்சு போல. வரட்டும். மனுசன்தானே."

"தேவதாசு..."

"நல்லதுதான் டீச்சர். சாருக்குக் கெடச்சது நல்லதுதான்."

உள்ளே போய்க் குளிர்பெட்டி மேல் மாலையை வைத்தான். கண்ணாடி வழியாகச் சில்வேனின் மூடிய கண்களை அவன் ரொம்ப நேரம் பார்த்தான். அந்தக் கண் என்ன கேட்டது, எப்படிக் கேட்டது என்று தேடுகிற மாதிரி இருந்தது. ழனெத் சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கை கழுவ ஒன்றும் இல்லை. தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது.

மூன்று மணிக்குப் பங்குச் சாமியார் வந்தார். வந்ததும் அவர் இறந்தவனைப் பார்க்கவில்லை, சுருட்டிக் கையில் வைத்திருந்த சுவரொட்டியை விரித்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எழுபது வயதில் பிள்ளை பெற்றவர்கள்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள்.

"டீச்சர்! வழி முழுக்கப் படிச்சிக்கிட்டே வர்றேன். எந்தச் சாமி குடுத்தாரு? நான் பெரிய கோயில்ல கேட்டேன், அவங்க ஆஸ்பத்திரிப் பக்கத்துப் பங்குன்னாங்க. அங்க கேட்டா, நீங்கதான் குடுத்திருப்பீங்கன்னாங்க!"

ழனெத் வாயைத் திறந்தாள். அதற்குள் ழான்-மரி எழுந்து நின்றார்.

"ஓமொனியே சாமி. நோயாளிங்களைப் பாக்க வர்ற ஆஸ்பத்திரிச் சாமியாரு. வெளியூர்க்காரர். வந்தாரு, குடுத்தாரு, பஸ் ஏறிட்டாரு."

ழான்-மரி ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கவில்லை. அவருக்கும் உண்மை தெரியும் என்பது அப்போதுதான் ழனெத்துக்குப் புரிந்தது. சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது, அது போதும் அவருக்கு. அவர் அவளைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினார். கூட்டாளியைப் பார்த்துச் சிமிட்டுகிற சிமிட்டல். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

*

கோயில் நிறைந்து வழிந்தது. சில்வேனின் மொட்டைமாடிக்கு வராத ஊர், அவன் மனம் திரும்பியதைப் பார்க்கத் திரண்டு வந்திருந்தது. பெட்டியை நடுவில் வைத்து நாலு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். ழனெத் முதல் பெஞ்சில், ழான்-மரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் ஒரு எறும்பு வரிசை போனது. பிரசங்கம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடலாம் என்று நினைத்தாள்.

"பிரியமானவர்களே!" என்று சாமியார் மைக்கைப் பிடித்தார். ஸ்பீக்கர் ஒரு தடவை கிறீச்சிட்டு அடங்கியது. "எழுநூறு பக்கத்துக்குப் புத்தகம் எழுதின ஒரு பேராசிரியரை ஆண்டவர் எத்தனை சொட்டு எண்ணெயில் ஜெயித்தார் தெரியுமா? ஒரு சொட்டு! ஒரே ஒரு சொட்டு!"

கூட்டம் பெருமூச்சு விட்டது. அந்தக் காற்றில் இரண்டு மெழுகுவர்த்திகள் அணைந்தன.

"வாயால் பேச முடியாத நிலையில், கண்ணால் கேட்டாராம். கண்ணால்!"

அது எப்படி அவர் காதுக்குப் போனது என்று ழனெத் யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? வாசலில் சொன்னது பலிபீடம் வரைக்கும் நடந்து வந்திருக்கிறது. எறும்புகளைத் தேடினாள். காணவில்லை.

"சுவர் சுவர் என்று சண்டை போட்டார் நம் சகோதரர். எந்தச் சுவர்? கல்லறைத் தோட்டத்துச் சுவரா? இல்லை பிரியமானவர்களே. உண்மையான சுவர் அவர் மனதில் இருந்தது. நேற்று சாயங்காலம் அது விழுந்துவிட்டது!"

"ஆமென்" என்றார் ழான்-மரி. ஆமென் சொல்கிற இடம்கூட அது இல்லை.

அம்மா அப்பாவின் பக்கத்தில் அவன் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன் என்று காலையிலிருந்து ழனெத் நினைத்துவந்தாள். நிஜமாகவே அதற்காகத்தானா? சில்வேன் பல தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்: என்னை அந்தப் பக்கமே வெச்சிடுக்கா, அங்கதான் காத்து வரும். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் மனதில் எழுந்தது அம்மாவின் முகம் இல்லை. அந்தக் கேட்டுக்குள் தம்பியின் பெட்டி போவதும், அதை இந்தப் பக்கத்தவர்கள் நின்று பார்ப்பதும்தான். நாளைக்குத் தெருவில் அவள் நடக்கும்போது அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதும். இத்தனை வருஷம் அந்தச் சுவரைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவளும் ச்சொச்சோ என்றிருக்கிறாள். ஆனால் ஒரு நாளாவது அது விழ வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டதில்லை. முழங்காலில் தழும்பு விழும் அளவுக்கு ஜெபம் செய்தவள். அதற்காக மட்டும் செய்யவில்லை.

நன்மை கொடுக்கும் நேரம் வந்தது. பாடகர் குழு பாட்டைத் தொடங்கியது. பெஞ்சுகளிலிருந்து ஆட்கள் எழுந்து நடுவழியில் வரிசையானார்கள். துக்க வீட்டார் கடைசியில் வரட்டும் என்று ழான்-மரி கையைக் காட்டினார். ழனெத் திரும்பிப் பார்த்தாள்.

கடைசி பெஞ்சிலிருந்து தேவதாஸ் எழுந்து வந்துகொண்டிருந்தான்.

சட்டையின் மேல் பட்டனைப் போட்டிருந்தான். கைகளைக் கூப்பியிருந்தான், நன்மை வாங்கப் பழகுகிற சின்னப் பிள்ளைகள் கூப்புகிற மாதிரி, விரல்கள் விறைத்துப்போய். அத்தனை வருஷமாக அவன் கோயிலுக்குள் வந்ததே அடுத்தவர் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். வரிசையில் போய் நின்றதில்லை. இரண்டொருவர் அவனைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரை இடித்துக் காட்டினார்கள். சாமியாரும் பார்த்துவிட்டார். ஒரே நாளில் வலையில் இரண்டு மீன். அவர் முகம் பிரகாசித்ததில் கோயிலுக்குள் டியூப்லைட்டுகள் மங்கலாகத் தெரிந்தன.

"எங்க போற? ஒக்காரு. நம்ம கடைசியில போவணும்" என்றார் ழான்-மரி.

ழனெத் நிற்கவில்லை. அந்த வயதில் அப்படி ஒரு வேகம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ, நாலு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு வரிசையில் தேவதாசுக்கு நேர் பின்னால் போய் நுழைந்தாள்.

"தேவதாசு."

அவன் திரும்பவில்லை. கண்ணை மூடியிருந்தான்.

"தேவதாசு, நீ வாங்காதே."

"ஏன் டீச்சர்? சாரே வாங்கிட்டாரு."

"வாங்கல."

அவன் கூப்பிய கை அப்படியே இருந்தது. வரிசை ஒரு அடி நகர்ந்தது. அவனும் நகர்ந்தான்.

"யாரும் வரலப்பா ஆஸ்பத்திரிக்கு. அவன் கேக்கவும் இல்ல. கண்ணாலயும் கேக்கல. போறதுக்கு நாலு நாளு முந்தி சாமியாரைக் கூப்பிடட்டான்னு நான்தான் கேட்டேன். வேணாம்னு தலையாட்டினான். நான்தான் எல்லாம் சொன்னது."

"டீச்சர், கோயில்ல என்னா பேச்சு? நகருங்க" என்று பின்னாலிருந்து ராஜாம்பாள் முதுகில் தட்டினாள். கோயிலில் பேசக் கூடாது என்று ராஜாம்பாளுக்கு ஒன்றாம் வகுப்பில் பிரம்பு வைத்துச் சொல்லிக்கொடுத்தவள் ழனெத்தான்.

தேவதாஸ் திரும்பினான்.

"எதுக்கு டீச்சர்?"

"கவோவுக்காக."

"கவோவுக்காகவா?"

"அவன் அந்தப் பக்கம் போயிடுவானோன்னு..."

"அந்தப் பக்கம்னா? எங்கப்பா இருக்கற பக்கமா?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எதையாவது சொல்லியிருக்கலாம். வழி கேட்கிறவன் கேட்கிற மாதிரி கேட்டான். அவனுக்கு முன்னால் நின்றவர் நன்மை வாங்கிக்கொண்டு ஒதுங்கினார். இப்போது அவனுக்கும் சாமியாருக்கும் நடுவில் யாரும் இல்லை. சாமியார் அப்பத்தை எடுத்து உயர்த்திவிட்டார்.

தேவதாஸ் கூப்பிய கையைப் பிரித்தான். ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தான். இன்னொரு அடி நகர்ந்தான். தூணருகில் போய்ச் சுவரில் தோளைச் சாய்த்து நின்றான். மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டான்.

சாமியாரின் கை ஒரு கணம் எங்கே போவது என்று தெரியாமல் தடுமாறியது. பிறகு ழனெத்தைப் பார்த்ததும் நிம்மதியாக அவள் பக்கம் திரும்பியது. டீச்சரைவிடப் பத்திரமான வாய் அந்தப் பங்கிலேயே கிடையாது.

"கிறிஸ்துவின் திருவுடல்."

பழக்கத்தில் அவள் வாய் தானாகத் திறந்தது. ஏழு வயதில் வெள்ளை கவுனும் தலையில் பூவளையமும் போட்டுக்கொண்டு இதே இடத்தில் திறந்த வாய். காய்ச்சலானாலும் புயலானாலும் திறந்த வாய். நாக்கின் நுனி வெளியே வந்துவிட்டது. அவள் அதை உள்ளே இழுத்துக்கொண்டாள். பற்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்றார் சாமியார் மறுபடியும். காது கேட்கவில்லையோ என்று நினைத்திருப்பார். பிறகு குனிந்து ரகசியமாக, "ஆமென் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

அவள் உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு நின்றாள். ஒதுங்கிப் போகவும் இல்லை. முன்வரிசையில் மெடல்கள் குலுங்குகிற சத்தம் கேட்டது, ழான்-மரி எழுந்திருக்கிறார் போல. "டீச்சர், என்னாச்சு, மயக்கமா?" என்று ராஜாம்பாள் அவள் முழங்கையைப் பிடித்தாள். ராஜாம்பாளுக்குப் பின்னால் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் பக்கவாட்டில் சாய்ந்தார்கள். வரிசை கோயில் வாசலைத் தாண்டி வெயில்வரை நீண்டு நின்றது. சாமியாரின் இரண்டு விரல்களுக்கு நடுவே அந்த வெள்ளை வட்டம் அவள் முகத்துக்கு முன்னால் அப்படியே இருந்தது. ஃபேன் காற்றில் அது லேசாக நடுங்கியது.

பாட்டு முடிந்துவிட்டது. மாடியில் இருந்த பாடகர் குழு எட்டிப் பார்த்தது. யாரும் நகரக் காணோம். கீபோர்டுக்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு விரலைக் கட்டையில் வைத்து, அதே பாட்டை முதல் சரணத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.